உயர்ந்தது எனில், உயர்த்தியவர் யார்?
கப்பல் நிறுவனங்களும் அரசின் கொள்கையும்: ஒரு மொழியியல் நோக்கு



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், கப்பல் நிறுவனங்கள் தம் கருத்தை அரசின் கொள்கையாக்க எவ்வழிகளில் முயல்கின்றன என்பது. மொழியியலார்க்கும் கப்பல் வணிகத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. பொருள் வலிமையும் பதவி வலிமையும் அதற்குத் துணை நின்றாலும், ஒரு நிறுவனம் அரசை அணுகும் போது அதன் கையில் இருப்பது சொல்தான். விண்ணப்பம், அறிக்கை, சாட்சியம், கருத்துரை எனப் பல பெயர்களில் அது அரசின் மேசைக்குச் செல்கிறது. சட்டமாகித் திரும்பும் போது, முதலில் சொன்னவர் பெயர் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அவ்வாறு மறையும் எழுவாயைத் தேடுவதே இப்பொழிவின் நோக்கம்.

இதற்குச் சிங்கப்பூரைக் காட்டிலும் பொருத்தமான களம் இல்லை. 2024-ஆம் ஆண்டில் இந்நகரின் துறைமுகம் 4 கோடியே 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. நாம் உண்ணும் அரிசியும் பருப்பும் கடல் வழியே வருகின்றன. ஆகவே கப்பற்கூலியைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா நம் அடுக்களையைத் தொடும் வினா.

1. சொல்லும் அதன் வரலாறும்

அரசை அணுகித் தம் பக்கம் இணங்கச் செய்யும் செயலை ஆங்கிலத்தில் லாபி என்னும் சொல்லால் குறிக்கின்றனர். அச்சொல்லுக்கு முதற்பொருள் கட்டடத்தின் முன்கூடம். சட்டமன்ற உறுப்பினரைக் காண விழைவோர் அங்கே காத்து நிற்பர். இடத்தின் பெயர் அங்கு நிகழும் செயலுக்கு ஆகிவந்தது. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். தமிழ் நாளிதழ்கள் சில வேளை லாபி என்றே எழுதுகின்றன. சில வேளை ஆதரவு திரட்டல் என்றும் செல்வாக்குச் செலுத்தல் என்றும் எழுதுகின்றன. ஒரு சொல் இன்னும் நிலைபெறவில்லை.

எனினும் அச்செயல் தமிழர்க்குப் புதிதன்று. பல்லவர் காலச் செப்பேடுகளைப் பயின்றோர் ஒரு செய்தியை அறிவர். அரசன் நிலக்கொடை வழங்கிய ஆவணத்தில் கொடையாளன் பெயரும் கொடை பெற்றோர் பெயரும் மட்டும் பொறிக்கப்படவில்லை. அக்கொடை வேண்டுமென்று அரசனிடம் விண்ணப்பம் செய்தவர் பெயரும், ஆணையை நிறைவேற்றும் பொறுப்பேற்ற ஆணத்தியின் பெயரும் பல ஏடுகளில் உள்ளன. கேட்டவர் யார், கொடுத்தவர் யார், பெற்றவர் யார், நிறைவேற்றியவர் யார் என நான்கும் ஒரே ஆவணத்தில் விளங்கின.

விண்ணப்பம் என்னும் சொல் பிராகிருத வழியாகத் தமிழுக்கு வந்தது. இன்று அது பள்ளிச் சேர்க்கைக்கும் வேலை வாய்ப்புக்கும் நிரப்பும் படிவமாகச் சுருங்கிவிட்டது. அதன் பழைய பொருளை நாம் மீட்டுக்கொள்ளலாம்: கேட்டவர் பெயர் விளங்க வெளிப்படையாக நிகழ்வது விண்ணப்பம், பெயர் மறைய உள்ளறையில் நிகழ்வது செல்வாக்கு. இவ்விரண்டையும் பிரித்தறியும் திறனே இன்றைய குடிமக்களுக்கு வேண்டுவது.

கடல் வணிகரும் அரசும் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்ததற்கு நம் வரலாற்றில் சான்றுகள் உண்டு. முதற் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்னும் சிறப்புப் பெயர் வழங்கியது. சுமத்திராவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கு வரும் மரக்கலங்கள் செலுத்த வேண்டிய தொகையை அதில் வரையறுத்தனர். ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் 1244-இல் காகதீய மன்னன் கணபதிதேவன், புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் பொருளைக் கவர்வதில்லை என்று கடல் வணிகர்க்கு அடைக்கலச் சாசனம் அளித்தான். வணிகர் தமக்கெனத் தாமே விதி வகுத்தலும், அரசனிடமிருந்து உறுதிமொழி பெறுதலும் அன்றே இருந்த இரு வழிகள். இன்றைய கப்பல் நிறுவனங்களின் வழிகளும் இவ்விரண்டுதாம்.

2. தன்வினையும் பிறவினையும்

இனி இலக்கணத்துக்கு வருவோம். தமிழ் வினைகளில் ஏறு, ஏற்று; உயர், உயர்த்து; குறை, குறைத்தல் என இணை இணையாக வருவன பல. மாணவர்கள் இவற்றைத் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பர். பேராசிரியர் கு. பரமசிவம் முதலியோர் இவ்விணைகளின் பொருள் வேறுபாட்டை நுணுகி ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சியின் நுட்பங்களுக்குள் இங்கு நாம் புகவில்லை. நமக்கு வேண்டுவது ஓர் எளிய உண்மை. ‘விலை ஏறியது’ என்னும் தொடரில் விலையே எழுவாய். அது தானாக ஏறியது போல் நிற்கிறது. ‘விலையை ஏற்றினர்’ என்னும் தொடரிலோ ஏற்றியவர் எவரோ உளர். அவரைப் பெயரிட்டுச் சொல்லாவிடினும் வினைமுற்று அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிராங்கூன் சாலையில் மளிகைக் கடை வைத்திருப்பவரிடம் வெங்காய விலையைக் கேட்டால், கப்பற்கூலி ஏறிவிட்டது என்பார். மழை பெய்தது என்பது போல் அதை அவர் சொல்கிறார். நாமும் அப்படியே கேட்டுக்கொள்கிறோம். சரக்கின் போக்குவரவைக் குறிக்க நம் முன்னோர் அமைத்த சொற்கள் ஏற்றுமதி, இறக்குமதி என்பன. இரண்டிலும் உள்ளவை ஏற்று, இறக்கு என்னும் பிறவினைகள். சரக்கை ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும் என்பதை அச்சொற்கள் மறக்கவில்லை. ஆனால் அச்சரக்கின் கூலி மட்டும் தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது!

எல்லா ஏற்றமும் எவரோ ஒருவரின் சூழ்ச்சி என்று நாம் சொல்லவில்லை. எரிபொருள் விலை, போர், பஞ்சம், கால்வாய் அடைப்பு எனப் பல காரணங்கள் உண்டு. எனினும், ‘ஏறியது’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ‘ஏற்றியவர் உண்டா’ என்று கேட்கும் பழக்கம் வேண்டும். சிங்கப்பூரில் அவ்வாறு கேட்டவர்களின் வரலாற்றை இனிக் காண்போம்.

3. அஞ்சல் கப்பலும் கட்டற்ற வணிகமும்

சிங்கப்பூருக்கு முதல் அஞ்சல் நீராவிக் கப்பல் 1845 ஆகஸ்டில் வந்தது. பி அண்ட் ஓ நிறுவனத்தின் லேடி மேரி வுட் என்பது அதன் பெயர். அந்நிறுவனம் பிரிட்டிஷ் அரசோடு செய்துகொண்ட அஞ்சல் ஒப்பந்தத்தால் வளர்ந்தது. நிலக்கரியும் பொறியும் பெருஞ்செலவு வைத்த அக்காலத்தில், கடிதம் சுமக்க அரசு கொடுத்த தொகை கப்பலை மிதக்க வைத்தது. வங்காள விரிகுடாவில் இதே வழியில் எழுந்தது வில்லியம் மெக்கின்னன் 1856-இல் தொடங்கிய கல்கத்தா–பர்மா நிறுவனம். இரங்கூனுக்கு அஞ்சல் சுமக்கும் ஒப்பந்தம் அதன் அடித்தளம். 1862 முதல் அது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. நம் முன்னோரில் பல்லாயிரவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது அந்நிறுவனத்தின் தளங்களில்தான். 1926-இல் கட்டப்பட்ட இராஜுலா என்னும் அதன் கப்பலை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர்.

இங்குக் கருத வேண்டியது ஒன்று. அஞ்சல் ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் அரசுக்கு இன்றியமையாதது ஆகிறது. இன்றியமையாதது ஆனபின் அதன் சொல் அரசவையில் எளிதாக ஏறுகிறது. ‘எமக்கு நட்டம்’ என்று அது சொல்வதில்லை. ‘அஞ்சல் தடைப்படும்’ என்கிறது. தன்னலம் பொதுநலத்தின் ஆடையை அணிந்துகொள்கிறது. பல வேளை அவ்வாடை பொருந்தவும் செய்கிறது. அதனால்தான் உண்மையையும் மிகையையும் பிரித்தல் கடினமாகிறது.

அக்காலச் சிங்கப்பூர் வணிகர் விண்ணப்பம் எழுதுவதில் தேர்ந்தவர்கள். வணிகச் சபை 1837-இல் தோன்றியது. கல்கத்தாவிலிருந்து ஆண்ட இந்திய அரசு இத்துறைமுகத்தில் வரி விதிக்க எண்ணிய போதெல்லாம் அவர்கள் கூடி எதிர்த்தனர். நீரிணைக் குடியேற்றங்களை இந்திய ஆட்சியினின்றும் பிரிக்க வேண்டுமென 1857-இல் இலண்டனுக்கு மனு அனுப்பினர். 1867 ஏப்ரல் 1 அன்று அது நிறைவேறியது. மறு ஆண்டிலேயே, ஊர் திரும்பிய பழைய வணிகர்கள் இலண்டனில் நீரிணைக் குடியேற்றச் சங்கம் அமைத்தனர். ஜான் கிராஃபர்டு அதன் முதல் தலைவர். குடியேற்ற அலுவலகத்தின் கதவருகே எப்பொழுதும் ஒருவர் நிற்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அவர்களுடைய மனுக்களின் மையச் சொல் கட்டற்ற வணிகம். அரசு வரி விதிக்கக் கூடாது, வணிகத்தில் குறுக்கிடக் கூடாது என்பது அதன் பொருள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே சொல் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது.

4. மாநாடா, வளையமா?

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் பெருகின. கப்பல் மிகுந்து சரக்குக் குறைந்தால் கூலி வீழும். இதனைத் தடுக்க ஜான் சாமுவேல் ஸ்வயரின் முயற்சியால் 1879-இல் சீன வணிகத்தில் ஈடுபட்ட நிறுவனங்கள் தமக்குள் ஓர் உடன்பாடு கண்டன. அனைவரும் ஒரே கூலி வாங்குவது என்பது அதன் சாரம். அத்தகைய உடன்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் கான்ஃபரன்ஸ். தமிழில் சொன்னால் மாநாடு. கூடிப் பேசுவது என்னும் இனிய பொருள் தரும் சொல் அது. எதிர்த்தோர் வழங்கிய பெயரோ வளையம். ஒரே பொருளுக்கு இரு பெயர்; எப்பெயரைச் சொல்கிறோமோ அப்பெயரே நம் தீர்ப்பாகிவிடுகிறது.

சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் சரக்குக்கான மாநாடு 1897-இல் நிலைபெற்றது. அது செயற்பட்ட முறையை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தம் சரக்கு முழுவதையும் மாநாட்டுக் கப்பல்களிலேயே அனுப்பும் வணிகர்க்குக் கூலியில் 10 விழுக்காடு திருப்பித் தரப்படும். ஆனால் உடனே தரப்படாது. சில திங்கள் கழித்தே தரப்படும். இடையில் ஒரே ஒரு முறை வேறு கப்பலில் சரக்கு ஏற்றினாலும் சேர்ந்திருந்த தொகை முழுவதும் போய்விடும். தள்ளுபடி என்று பெயர். ஆனால் அது வணிகரின் பணத்தையே பிணையாக வைத்துக்கொண்டு அவரைக் கட்டிவைக்கும் கயிறு.

இது வெளிப்படையாக நடந்தது. மறைவில் நடந்தது இன்னொன்று. சில பெரிய வணிக நிறுவனங்களுக்கு மட்டும் மேலும் 5 விழுக்காடு இரகசியமாக வழங்கப்பட்டது. சிறு வணிகர்க்கு அது கிடைக்கவில்லை. ஏன் இந்த ஏற்பாடு? அப்பெரு நிறுவனங்களே மாநாட்டை எதிர்க்கும் வலிமை உடையவை. அவற்றின் குரலே வணிகச் சபையில் ஓங்கி ஒலித்தது. சபை ஒன்றுகூடி எதிர்த்தால் அரசு செவிசாய்க்கும். எதிர்க்கக் கூடியவர்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டால் விண்ணப்பமே எழாது. ஒரு சட்டத்தைக் கொண்டுவரச் செய்வது போலவே, எழ வேண்டிய மனுவை எழாமற் செய்வதும் செல்வாக்கின் ஒரு வகை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் முறையீடு எழுந்தது. வெள்ளீயம், மிளகு, காசுக்கட்டி முதலிய சரக்குகளின் கூலி உயர்வால் நடுநிலை வணிகம் வேறு துறைமுகங்களுக்குப் போய்விடும் என்ற அச்சம் பரவியது. ஆளுநர் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் 1902-இல் விசாரணைக் குழு அமைத்தார். அடுத்து வந்த ஆளுநர் ஜான் ஆண்டர்சன் இதில் இன்னும் உறுதியாக நின்றார். இலண்டன் இயக்குநர்களைக் கொண்ட தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனத்தை 1905-இல் அரசு கையகப்படுத்தியதும் அவர் காலத்தில்தான். 1906-இல் பிரிட்டனில் அரச ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் பெயரிலேயே கப்பல் வளையங்கள் என்னும் சொல் இடம்பெற்றது. பெயர் எதிர்ப்பாளர்களுடையது, முடிவோ பெரிதும் கப்பல் நிறுவனங்களின் பக்கம் சாய்ந்தது. ஒழுங்கான கால அட்டவணை, நிலையான கூலி, நல்ல கப்பல்கள் ஆகியவை கிடைக்க வேண்டுமெனில் மாநாட்டு முறை தேவையே என்பதைப் பெரும்பான்மை உறுப்பினர் 1909-ஆம் ஆண்டு அறிக்கையில் ஏற்றனர்.

இங்கேதான் கட்டற்ற வணிகம் என்னும் சொல் இருபக்கமும் நின்றது. வளையம் உடைந்தால்தான் வணிகம் கட்டற்றதாகும் என்றனர் ஒரு சாரார். நிறுவனங்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் அரசு தலையிடாதிருப்பதே கட்டற்ற வணிகம் என்றனர் மறுசாரார். ஒரே சொல், ஒரு பொருளில் கட்டியவர் ஒருவர், மறு பொருளில் அவரே கட்டுண்டவர்.

ஆண்டர்சன் விடவில்லை. 1910-இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றம் கழிவு முறையை எதிர்த்துச் சட்டம் இயற்றியது. பின்னர்ப் பேச்சு நடந்தது. மறைமுகக் கழிவைக் கைவிட மாநாடு இசைந்தது. 1911-இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. சிலருக்கு மட்டும் என்றிருந்த சலுகை ஒழிந்தது. மாநாடோ நிலைத்தது. இதனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? இரண்டும் கலந்தது என்பதே நேர்மையான விடை. ஆனால் ஓர் உண்மை ஐயத்துக்கு இடமின்றி விளங்குகிறது. மறைவில் இருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் அது நிற்க முடியாமல் போயிற்று.

5. தூத்துக்குடியில் அதே ஆண்டுகள்

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் நடந்ததை இங்கு ஒப்புநோக்க வேண்டும். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மறு ஆண்டு காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரில் நின்றது நாம் முன்னர்க் கண்ட பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம். அது பயணக் கட்டணத்தை மிகவும் குறைத்தது. தூத்துக்குடியில் அதன் முகவர்களாக இருந்த ஹார்வி நிறுவனத்தாரே அவ்வூர்ப் பஞ்சாலையையும் நடத்தினர். துறைமுக, சுங்க அலுவலர்கள் ஒரு பக்கம் சாய்கின்றனர் என்பது சுதேசி நிறுவனத்தார் கூறிய குறை. 1908 மார்ச்சில் வ. உ. சி. கைதானார்; சூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது.

சிங்கப்பூரில் மாநாட்டை எதிர்த்தவர்களுக்கு ஆளுநரே துணை நின்றார். தூத்துக்குடியில் எதிர்த்தவர்க்கு அரசே எதிரி ஆயிற்று. ஒரே பேரரசு, ஒரே ஆண்டுகள். வேறுபாடு எங்கே? சிங்கப்பூரில் முறையிட்டோர் அரசின் மொழியில், அரசு மதிக்கும் அவையில், அரசுக்கு வேண்டியவராக நின்று பேசினர். தூத்துக்குடியார்க்கு அந்த முன்கூடத்தில் இடமே இல்லை. விண்ணப்பம் செய்யும் வாய்ப்பும் எல்லார்க்கும் ஒப்ப வாய்ப்பதன்று என்பதை இவ்விரு ஊர்களும் சேர்ந்து கற்பிக்கின்றன. பின்னாளில் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்த அதே வ. உ. சி.யின் பெயரைத்தான் தூத்துக்குடித் துறைமுகம் இன்று தாங்கி நிற்கிறது.

சிங்கப்பூர்க் கதையிலும் குரல் பதியாதோர் உண்டு. தஞ்சோங் பகாரில் மூட்டை சுமந்தோருள் தமிழர் பலர். கப்பற்கூலியைப் பற்றிய அத்தனை வாதத்திலும் அவர்களுடைய கூலி யாருடைய மனுவுக்கும் மையப்பொருள் ஆகவில்லை.

6. நம் காலம்

விடுதலை பெற்ற சிங்கப்பூர் 1968-இல் நெப்டியூன் ஓரியண்ட் லைன்ஸ் என்னும் கப்பல் நிறுவனத்தைத் தானே தொடங்கியது. அரசே கப்பலுக்கு உரிமையாளர் ஆனால் விண்ணப்பிப்பவர் யார், விண்ணப்பம் பெறுபவர் யார் என்னும் கோடு மெலிந்துவிடும். 2016-இல் அந்நிறுவனம் பிரெஞ்சு நிறுவனமான சிஎம்ஏ சிஜிஎம் கைக்குச் சென்றது. 1985-இல் தோன்றிய கப்பல் உரிமையாளர், முகவர் சங்கம் இன்று சிங்கப்பூர்க் கப்பல் சங்கம் என்னும் பெயரில் அத்துறையின் குரலாக விளங்குகிறது.

மாநாடுகள் என்னவாயின? ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து அளித்திருந்த விலக்கை நீக்கியது. 2008 அக்டோபரில் அந்நீக்கம் நடைமுறைக்கு வந்ததும் தூரக்கிழக்கு மாநாடு முடிவுற்றது. சிங்கப்பூரில் 2004-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், போட்டியாளர்கள் கூடி விலை பேசுவதைத் தடுக்கிறது. ஆயினும் 2006-இல் ஓர் ஆணை வழியாகக் கப்பல் நிறுவனங்களின் உடன்பாடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவ்வாணை பன்முறை நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் போட்டி ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நெடுந்தொலைவுக் கொள்கலன் சேவைகளில் கட்டணக் கலந்துரையாடல் உடன்பாடுகளுக்கு இருந்த விலக்கு 2021-ஆம் ஆண்டு இறுதியோடு நின்றது. கப்பலில் இடம் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடுகள் முதலியவற்றுக்கு விலக்கு தொடர்ந்தது.

‘கட்டணக் கலந்துரையாடல்’ என்னும் தொடரைச் சற்று நிறுத்திப் படியுங்கள். 1879-இல் மாநாடு, நம் காலத்தில் கலந்துரையாடல். நூற்றாண்டுகள் மாறினும் பெயரிடும் உத்தி மாறவில்லை. ‘விலை நிர்ணயம்’ என்றால் குற்றம் போல் ஒலிக்கும்; ‘கலந்துரையாடல்’ என்றால் பள்ளி வகுப்பறை நினைவுக்கு வருகிறது. அதே வேளை இடப்பகிர்வு உடன்பாட்டில் நியாயமும் உண்டு. இரு நிறுவனங்கள் அரைகுறையாக நிரம்பிய இரு கப்பல்களை ஓட்டுவதினும் நிரம்பிய ஒரு கப்பலை ஓட்டினால் எரிபொருள் மிஞ்சும். சேவையும் அடிக்கடி கிடைக்கும். ஆகவே பெயரை ஐயுறுவதோடு நின்றுவிடாமல் உடன்பாட்டின் உள்ளடக்கத்தையும் எடைபோட வேண்டும்.

உலக அரங்கிலும் இதே காட்சி. இலண்டனில் உள்ள அனைத்துலகக் கடல்சார் அமைப்பில் வாக்களிப்பவை நாடுகள். கப்பல் உரிமையாளர் சங்கங்களுக்கும் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கும் கருத்துரைக்கும் தகுதி உண்டு. 2018-இல் அவ்வமைப்பு, கப்பல்களின் கரிம வெளியீட்டை 2050-க்குள் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்தது. மறு ஆண்டு கப்பல் உரிமையாளரின் அனைத்துலகச் சபையும் பிற சங்கங்களும், எரிபொருள் டன் ஒன்றுக்கு 2 டாலர் திரட்டி ஆய்வு நிதி அமைக்கலாம் என்று முன்மொழிந்தன. பொறுப்புணர்வு என்று அதனைப் புகழ்ந்தோரும், பெரிய வரியைத் தவிர்க்கச் சிறிய தொகையை முன்வைக்கின்றனர் என்று குறைகூறியோரும் இருந்தனர். 2023-இல் இலக்கு, ஏறத்தாழ 2050-இல் நிகரச் சுழிய வெளியீடு என்று உயர்ந்தது. அதற்கான கட்டண முறையை ஏற்பது பற்றிய முடிவு 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அவ்வாதத்தில் கப்பல் உரிமையாளர்களே ஒரு குரலில் பேசவில்லை. ‘தள்ளிப்போயிற்று’ என்று நாம் இப்பொழுது சொன்னோம். தள்ளிவைத்தவர் யார் என்று நீங்கள் உடனே கேட்டிருப்பின் இப்பொழிவு பயன்பட்டது. எதிர்ப்பில் முன்னின்றது அமெரிக்கா. ஒத்திவைக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தது சவூதி அரேபியா. வாக்களித்த நாடுகளில் பெரும்பான்மையானவை அதை ஆதரித்தன.

7. வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர்களே, தன்வினை பிறவினையைக் கற்பிக்கும் போது ‘குழந்தை உண்டது, தாய் உண்பித்தாள்’ என்னும் எடுத்துக்காட்டோடு நிறுத்திவிடாதீர்கள். நாளிதழின் வணிகப் பக்கத்தை வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். ‘கட்டணம் உயர்ந்தது’, ‘விதி தளர்ந்தது’, ‘காலக்கெடு நீண்டது’ என்னும் தொடர்களை மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் பிறவினையாக மாற்றி எழுவாயை எழுதச் சொல்லுங்கள். சிலவற்றுக்கு எழுவாய் அச்செய்தியிலேயே இருக்கும். சிலவற்றுக்குத் தேடித்தான் காண வேண்டும். தேடும் வேலையே மொழிப்பயிற்சியும் குடிமைப்பயிற்சியும் ஆகும்.

மாணவர்களே, அரசு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் அறிவிப்பு வெளிவரும் போது அது எவரோ படிக்க வேண்டியது என்று கடந்துவிடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் வழக்கறிஞர்களையும் பொருளியல் அறிஞர்களையும் கொண்டு நூறு பக்கக் கருத்துரை எழுதுகின்றன. அது அவர்கள் உரிமை. லிட்டில் இந்தியாவின் காய்கறிக் கடைக்காரருக்கும் அதே உரிமை உண்டு. அவருக்கு நேரமில்லை, அந்த அறிவிப்பின் மொழியும் எளிதாயில்லை. இருமொழி கற்ற நீங்கள் அதனை அவருக்குத் தமிழில் விளக்கலாம். அவர் சொல்வதை இரண்டு பத்தியில் எழுதி அனுப்பவும் உதவலாம். தமிழை வாழும் மொழியாக்குவது என்பதன் பொருளில் இதுவும் அடங்கும்.

கப்பல் நிறுவனங்கள் அரசிடம் பேசக் கூடாது என்பது நம் கருத்தன்று. துறைமுக நகரின் அரசு கப்பலோட்டிகளின் அறிவைக் கேளாமல் நல்ல சட்டம் இயற்ற இயலாது. நாம் வேண்டுவது பல்லவர் ஏடுகளில் கண்ட அந்தப் பழைய ஒழுங்கைத்தான். ஒரு விதி பிறக்கும் போது அதனைக் கேட்டவர் யார், அதனால் பெறுபவர் யார் என்பதும் அதனோடு சேர்த்து எழுதப்பட வேண்டும். செப்பேட்டில் பொறித்த பெயரை ஆயிரம் ஆண்டு கழித்தும் நாம் படிக்கிறோம். 1897-இன் மறைமுகக் கழிவோ, பெயர் வெளிப்பட்ட சில ஆண்டுகளிலேயே ஒழிந்தது.